கட்டிலோரத்துப் பற்றறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மோட்டார் சைக்கிளை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அது வீட்டுக்கு வந்த நாளே எனக்கும் இவருக்கும் பெரிய சண்டை. இவர் என்றால் என் மனுசன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கலியாணம் முடித்து ஒன்றரை வருடம். இந்தக் குளிர்நாட்டில், மல்வேர்னில் ஓர் அன்ரியின் வீட்டில், நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லாரும் ஓட்டைக் காராவது வாங்கி ஓடித்திரிந்த நேரம், இவர் போய் வருடத்தில் அரைவாசி நாள் ஓடமுடியாத ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை வாங்கிவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏறன். ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வருவம்."

"உந்தக் கோதாரியை வித்தவனிட்டையே கொண்டுபோய்க் குடுங்கோ. ஸ்னோவுக்கை என்னண்டு உதிலை வேலைக்குப் போவியள்?"

"ஸ்னோவுக்கு பஸ் இருக்குத்தானே?"

"அப்ப வெய்யிலுக்கு பஸ் இல்லையோ?"

மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் ஏறினேன். ஹெல்மெற்றுக்குள் நான் சிரித்துக்கொண்டு போனது இவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்தில் மாமா, இவருடைய அப்பா, மோசம் போய்விட்டார் என்று கொழும்பிலிருந்து யாரோ ரெலிபோன் எடுத்துச் சொன்னார்கள். செய்தி எங்களுக்கு வந்தபோது தகனம் முடிந்து நாலு நாள். இவர் ஒரே ஆண்பிள்ளை. "முப்பத்தொண்டுச் சடங்குக்காவது நான் நிக்காட்டில் பிறகென்ன பிள்ளை" என்று ஒரே பிடியாக நின்றார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொழும்பில் விடவேண்டும் என்றார். போகவேண்டாம் என்று நான் அழுதேன், கத்தினேன், ஒருநாள் சாப்பிடாமலும் கிடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

வெளிக்கிட்ட அன்று, ஸூட்கேசைக் காரில் ஏற்றிய பிறகு திரும்பி ஓடிவந்தார். பாஸ்போட்டை விட்டுவிட்டாராக்கும் என்று பார்த்தால், மோட்டார் சைக்கிளை ஒருக்கால் தட்டிக் கொடுக்க வந்திருக்கிறார்.

"ஸ்னோ விழ முன்னம் வந்திடுவன். விண்ரருக்கு நானே வந்து இதைப் பூட்டி வைக்கிறன். நீ ஒண்டும் தொடாதை."

"உதை ஆர் தொடப்போகினம்? போட்டு வாங்கோ."

செப்ரெம்பர் முதற்கிழமை கொழும்பிலிருந்து ஒருதடவை கதைத்தார். நாளைக்கு வெளிக்கிடுகிறேன் என்றார். அதற்குப் பிறகு சத்தமில்லை.

அந்த நேரத்து யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் கிடையாது. கரண்ட் கிடையாது. தரைப்பாதை பூட்டு. நீரேரியை இரவில் சின்னப் படகில் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும், தாண்டுகிற படகுகளுக்குத் துப்பாக்கிச்சூடு விழும். கடிதம் வந்தால் வந்ததுதான். ஆகவே முதல் மாதம் நான் பதறவில்லை. எங்கள் ஆட்களுக்குக் காத்திருக்கத் தெரியும். இரண்டாம் மாதம் வேலையால் வந்து சப்பாத்தையும் கழற்றாமல் ஓடிப்போய் ரெலிபோன் மெஷினில் சிவப்பு லைற் மினுங்குகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். மினுங்கினால் அது எப்போதும் ஃபக்ரறிக்காரன், நாளைக்கு நேரத்துக்கு வா என்று. எனக்கு அந்த மெஷினைத் தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போலிருக்கும்.

ஒக்ரோபர் கடைசியில் ஒருநாள் காலையில் பஸ்ஸுக்குப் போக வெளியே வந்தேன். மோட்டார் சைக்கிளின் இருக்கையில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. ஸ்னோ இல்லை, அதற்கு முந்தியது. கையால் துடைத்தேன். விரல் விறைத்தது. 'ஸ்னோ விழ முன்னம்' என்று சொன்ன சொல்லுக்கு இனி எத்தனை நாள் இருக்கிறது என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்தக் கிழமை இவரோடு ஒரே ஃபக்ரறியில் வேலை செய்த அண்ணை ஒருவர் வந்தார். நல்ல மனுசன். இவர் போன பிறகு கடைதெருவுக்கு, கோயிலுக்கு என்று என்னையும் மேல்வீட்டு அன்ரியையும் காரில் ஏற்றிப் போகிறவர் அவர்தான். தேத்தண்ணி குடித்தார். கோப்பையை வைத்தார். திரும்ப எடுத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. உந்த மோட்டச்சைக்கிள் வெளியிலை நிண்டு வீணாப் போகப்போகுது. உங்களுக்கும் அது என்னத்துக்கு? நான் எடுக்கிறனே."

"அவர் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

அண்ணை, பக்கத்திலிருந்த அன்ரியைப் பார்த்தார். அன்ரி நிலத்தைப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் பார்த்த பார்வையில் எனக்குத் தலைக்குள் விறுவிறென்று ஏறியது. இவர்கள் இரண்டு பேரும் இவரைச் சாக்காட்டிவிட்டுத்தான் வந்து இருக்கிறார்கள்!

"அவர் வருவார்!" என்று கத்தினேன். "அவரின்ரை சாமானை ஒருத்தரும் தொடேலாது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்புங்கோ."

வீட்டுக்கு வந்த மனுசனை அப்படிச் சொல்லலாமா? சொன்னேன். அவர் போன பிறகு நான் வாசலில் போய் அந்தச் சனியனுக்குப் பக்கத்தில் நின்றேன். சரி, நானே பூட்டி வைக்கிறேன் என்று முடிவெடுத்தேன். பூட்டி வைத்தால் வசந்தத்தில் திறக்க ஆள் வரும். எனக்கு அப்போது மூளை அப்படித்தான் வேலை செய்தது. ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல் செய்தால் இவர் உயிரோடு வருவார். ஒன்றைப் பிழையாகச் செய்தால் வரமாட்டார். விசர்க்கதைதான், தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு ஜமேக்கா மனுசர் இருந்தார். அவரிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. வேலிக்கு மேலால் கூப்பிட்டு, கையாலும் காலாலும் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஸ் அப்போது யெஸ், நோ, சொறி. மனுசர் சிரிக்கவில்லை. வந்து குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

பழைய ஒயிலை மாற்று. செயினுக்கு எண்ணெய் பூசு. சைலன்சர் வாயை அடை, எலி பூரும். சில்லு நிலத்தில் முட்டாமல் கட்டை வை. பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் சூட்டில் வை. சார்ஜ் இறங்கின பற்றறி குளிரில் கிடந்தால் உள்ளே உறைந்து ஊதி வெடித்துவிடும் என்று இரண்டு கையாலும் வெடித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோல் தாங்கியை முட்ட நிரப்பு. முட்ட என்று தன் கழுத்தில் கையை வைத்துக் காட்டினார். தாங்கிக்குள் வெற்றிடம் இருந்தால் குளிருக்கும் வெய்யிலுக்கும் உள்ளே வேர்க்கும், இரும்பு துருவேறிக் கறள் பிடிக்கும். குளிர்ந்த சோடாக் கான் ஒன்றை எடுத்துவந்து, அது வேர்ப்பதைக் காட்டினார். எனக்கு வடிவாக விளங்கியது. விளங்கவில்லை என்று பிறகு எல்லாருக்கும் சொன்னது பொய்.

சனிக்கிழமை முழுநாளும் நின்று செய்தேன். ஒயிலை அந்த மனுசர் மாற்றித் தந்தார். செயினுக்குப் பூச தேங்காய் எண்ணெயை எடுத்தால் போத்தலுக்குள் கல்லாக உறைந்து நிற்கிறது, குசினியிலிருந்து நல்லெண்ணெயைக் கொண்டுவந்து பூசினேன். சைலன்சர் வாய்க்குள் இவருடைய பழைய கால்மேஸைத் திணித்தேன், ஒரு சோடியில் ஒன்று. அன்ரியின் பின்வளவுத் தகர ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டையில் ஏற்றி, எங்கள் கலியாணத்துக்கு யாரோ தந்த மயில் படம் போட்ட கம்பளியால் போர்த்தேன். பற்றறியை இரண்டு கையாலும் தூக்கிவந்து, கட்டிலில் இவர் படுக்கிற பக்கத்தில், நிலத்தில் ஒரு பலகை போட்டு அதற்கு மேல் பிளாஸ்ரிக் பேசினுக்குள் வைத்தேன்.

பெற்றோலை மட்டும் நிரப்பவில்லை. வடித்தேன்.

இது ஏன் என்று விளங்க எங்கள் ஆட்களாக இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடினோம். ஸ்ராட் எடுக்க மட்டும் சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து காபரேற்றருக்குள் நாலு சொட்டு விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், பெற்றோல் உள்ள மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால் அது உன்னுடையது இல்லை. கேட்டு வருகிறவன் யாராக இருந்தாலும், அவசரம் என்று சொல்லி ஏறி உதைத்துக்கொண்டு போய்விடுவான், பிறகு அதைக் காண்பது இல்லை. ஆகவே ஆம்பிளை வெளியூர் போகிற வீட்டில் முதல் வேலை, பெற்றோலை வடித்து ஒளிப்பது. காய்ந்த மோட்டார் சைக்கிளை ஒருத்தரும் கொண்டுபோக மாட்டார்கள். என் அண்ணன் குழாயைக் கழற்ற, போத்தல் பிடித்தவள் நான். போத்தல் பிடித்த கைதான் மல்வேர்னிலும் குழாயைக் கழற்றியது. அண்ணை கேட்டு வந்துவிட்டார். இன்னும் யார் வருவார்களோ? கறளாவது மண்ணாவது!

இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் நாலு நிறைந்தது. மூடியை இறுக்கி, பேஸ்மென்ற் படிக்குக் கீழே, ஒருவருக்கும் தெரியாத மூலையில் ஒளித்துவைத்தேன். அந்த மூலையில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றது. அதற்குள் நாள் முழுக்க நெருப்பு எரிகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த சனி காலையில் அன்ரி உடுப்புத் தோய்க்கக் கீழே வந்தார். மணந்து பார்த்தார். படிக்குக் கீழே குனிந்தார்.

"ஐயோ! எடி பிள்ளை! என்னடி உது? வீட்டைக் கொளுத்தப் போறியோ?"

நான் ஓடிவந்து போத்தல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒளிச்சு வைச்சனான் அன்ரி. ஆரும் எடுத்துப்போடுவினம்."

"ஆரடி எடுக்கப் போகினம்? சந்திக்குச் சந்தி பெற்றோல் விக்கிற நாட்டிலை ஆரடி உன்ரை சோடாப் போத்தலை எடுக்கப் போகினம்?"

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையை விடமுடியவில்லை. ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழத் தொடங்கினேன். இவர் போன நாளிலிருந்து அன்றுதான் அப்படி அழுதது. என்னைப் பேச வாயெடுத்த அன்ரி அந்தப் பெற்றோல் நாற்றத்துக்குள் பக்கத்தில் வந்து இருந்தார்.

அன்ரி கூப்பிட்டு ஜமேக்கா மனுசர் வந்தார். போத்தல்களைக் கண்டதும் தலையில் கைவைத்தார். ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோனார். திரும்ப மோட்டார் சைக்கிளுக்குள் ஊற்றுகிறேன் என்று ஷெட்டுக்குப் போனார். நான் ஓடிப்போய் ஷெட் கதவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நோ. நோ. சொறி. மனுசர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவ்வளவையும் தன்னுடைய காருக்குள் ஊற்றினார். அடுத்த மாதம் முதற்கொண்டு தானாகவே சார்ஜருடன் வந்து பற்றறியைச் சார்ஜ் பண்ணித் தருவார். கட்டிலோரத்தில் அது ஏன் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

ஸ்னோ நொவெம்பர் நடுவில் விழுந்தது. யன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் எனக்கு முதலில் வெளிச்சம் குறைந்ததுதான் தெரிந்தது. அன்று வேலைக்குப் போகவில்லை.

டிசெம்பர் போனது. ஜனவரி போனது. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், கொட்டினேன். கொழும்பில் தெரிந்த எல்லாருக்கும் கோலிங் கார்ட் போட்டு அடித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. படுக்கும்போது கையைத் தொங்கப்போட்டுப் பற்றறியைத் தொடுவேன். அது வீட்டுச் சூட்டில் இளஞ்சூடாக இருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதோடு கதைத்தும் இருக்கிறேன். திட்டுத்தான் அதிகம்.

ஃபெப்ரவரியில் அன்ரியின் சொந்தக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். செப்ரெம்பரில் நீரேரியில் ஒரு படகுக்குச் சூடு விழுந்து கனபேர் முடிந்துபோனார்கள் என்று சொன்னார். என்ன திகதி என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. முன்கிழமையா பின்கிழமையா? தெரியாது. நான் கலண்டரை எடுத்து விரலை வைத்து வைத்து எண்ணினேன். கொழும்பிலிருந்து வெளிக்கிட்டால் எத்தனை நாளில் கரைக்குப் போவார், கரையில் எத்தனை நாள் படகுக்கு நிற்பார். எப்படி எண்ணினாலும் அந்தக் கிழமைக்குள் போய் நின்றது. வேறு மாதிரி எண்ண எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை எங்களை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். எப்போதும் இவருடைய பேருக்கு அரிச்சனை செய்விப்பேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "ஆரின்ரை பேருக்கு? நட்சத்திரம்?" என்று கேட்டார். வாய் திறந்தேன். உயிரோடு இருக்கிறவருக்குத்தானே அரிச்சனை என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், வாய் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் சனம். ஐயர் திரும்பக் கேட்டார். அன்ரிதான் "சுவாமி பேருக்குச் செய்யுங்கோ" என்று சொல்லிச் சமாளித்தார்.

திரும்பி வரும்போது காரில், மல்வேர்னுக்குக் கிட்ட வந்த பிறகு நான் சொன்னேன்.

"அண்ணை, அந்த மோட்டச்சைக்கிளைக் கொண்டுபோங்கோ."

அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். "அவசரமில்லைத் தங்கச்சி."

"எனக்கு ஒண்டும் தரவேண்டாம். சும்மா கொண்டுபோங்கோ. எனக்கு அது கண்ணிலை படக்கூடாது."

அன்ரி என் கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டேன். அழவில்லை. உள்ளே எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. அதைவிட அழுதிருக்கலாம்.

அடுத்த சனி பகல் அண்ணை ஒரு வான் வண்டியோடு வந்தார். கான் ஒன்றில் பெற்றோலும் கொண்டுவந்தார். ஏற்ற முதல் ஒருக்கால் ஸ்ராட் பண்ணிப் பார்ப்போம் என்றார். ஷெட் கதவடியில் ஸ்னோவை வெட்டித் தள்ளினோம். நான்தான் கம்பளியை இழுத்து எடுத்தேன். நான்தான் கட்டிலோரத்துப் பற்றறியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பூட்டினார், பெற்றோலை ஊற்றினார், ஸ்ராட்டரை அமத்தினார். மோட்டார் சைக்கிள் இருமியது. பிடிக்கவில்லை. திரும்ப அமத்தினார். திரும்ப. அரைமணித்தியாலம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு குளிருக்குள் நின்றேன். கடைசியில் பற்றறி செத்து, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது.

காபரேற்றருக்குக் கீழால் எதுவோ சொட்டியது. ஸ்னோவில் தேத்தண்ணி ஊற்றின மாதிரி மண்ணிறம். அண்ணை மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ளுக்கு முழுக்கக் கறள். கறள் எல்லாம் காபரேற்றருக்கை இறங்கியிட்டுது. பெற்றோலை ஆர் எடுத்தது?"

"நான்தான்."

"ஏன்?"

ஒருத்தரும் கொண்டுபோகக்கூடாது என்று. அதை அந்த மனுசனிடம், வானைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம், என்னவென்று சொல்வது?

அண்ணை கையைத் துடைத்தார். "உது இனிச் சரிவராது. சும்மா தந்தாலும் இதை வைச்சு நான் என்ன செய்யிறது? பழைய இரும்பு எடுக்கிற ஸ்கிறப்காரனுக்குத்தான் சொல்லோணும்." ஊற்றின பெற்றோலைத் திரும்பக் கானுக்குள் வடித்தார், பற்றறியைக் கழற்றி ஷெட்டுக்குள் நிலத்தில் வைத்தார். வெறும் வானோடு போனார். நான் கம்பளியையும் போர்க்கவில்லை, பற்றறியையும் எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, கட்டிலோரத்துப் பலகையையும் பேசினையும் எடுத்துப் பின்வளவுக் குப்பைமூலையில் போட்டேன். இவருடைய பக்கத்தைத் துடைத்தேன்.

ஒன்பது நாள். அந்த வருடத்தின் மிக மோசமான குளிர் அந்த ஒன்பது நாளும்தான். ஸ்கிறப்காரனின் நம்பரை அன்ரி துண்டில் எழுதித் தந்தார். ரெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் பகல், இரண்டாம் ஷிஃப்ற்றுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நிற்க ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். இரைச்சல். பிறகு ஒரு இருமல்.

"நான்தான்."

கட்டின சாப்பாட்டை மேசையில் வைத்தேன்.

"நான்தானப்பா. கொழும்பிலை நிக்கிறன். அம்மாவையும் கொண்டந்திட்டன். கேக்குதோ? செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திட்டன். பிறகு பாதையைப் பூட்டியிட்டாங்கள். எட்டுக் கடிதம் போட்டனான், ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஆறு மாதமும் வெடித்தது. திட்டினேன், அழுதேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பைக் நிக்குதோ?"

மேசையில் ஸ்கிறப்காரனின் நம்பர்.

"நிக்குது."

"விக்கேல்லையோ?"

"விக்கேல்லை."

இவர் அழுவது கேட்டது. "எல்லாரும் என்னை முடிஞ்சுது எண்டு சொல்லியிருப்பினம், என்ன? படுத்திருக்கேக்கை அதைத்தான் யோசிச்சனான். நீ அதை வித்திருந்தால் நீயும் அப்பிடி நினைச்சிட்டாய் எண்டு. நீ விக்கேல்லை."

"ஓம்" என்றேன்.

ரெலிபோனை வைத்ததும் ஸ்வெற்றர்கூடப் போடாமல், பாட்டா செருப்போடு ஸ்னோவுக்குள் ஷெட்டுக்கு ஓடினேன். பற்றறியைத் தூக்கினேன். கையில் ஒட்டிப்பிடித்தது. ஒரு பக்கம் ஊதி, மூலையிலிருந்து நீளத்துக்கு வெடித்திருந்தது. உள்ளே கொண்டுவந்து, குப்பையிலிருந்து பலகையையும் பேசினையும் எடுத்துக் கழுவி, அதே இடத்தில் வைத்தேன். வெடிப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கம்பளியை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பப் போர்த்தேன். ஸ்கிறப்காரனின் நம்பரைக் கிழித்தேன். பிறகு எயர்போட்டில் இவரைக் காணும்வரை ஒவ்வொரு நாளும் அந்தப் பற்றறியைத் துடைத்தேன்.

ஏப்ரலில் வந்தார். பாதி உடம்பு இல்லை. கண் இன்னும் மஞ்சள். வந்த மறுநாள் ஷெட்டுக்குள் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து கேட்டார், பெற்றோலை ஏன் வடித்தாய் என்று. சொன்னேன், ஒருத்தரும் கொண்டுபோகக்கூடாதென்று. சோடாப் போத்தல், ஃபேர்னஸ், அன்ரி கத்தியது எல்லாம் சொன்னேன். இவர் சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமி, நிலத்தில் இருந்துவிட்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மனுசனை நான் கைவிட்டேனே, அரிச்சனைத் தட்டோடு நின்று கைவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

பிறகு படுக்கிற அறைக்குள் போனார். கட்டிலைச் சுற்றித் தன் பக்கம் வந்தார். பற்றறியைக் கண்டு, "இதையும் கவனமா வைச்சிருக்கிறாய்" என்று சிரித்தபடி தூக்கினார். திருப்பினார். வெடிப்பில் பெருவிரலை வைத்து மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். மோட்டார் சைக்கிள் தெரிந்த மனுசன். சூட்டுக்குள் வைத்த பற்றறி அப்படி வெடிக்காது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். பற்றறியை இருந்த இடத்தில், வெடிப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். போய்க் கையைக் கழுவினார்.

"பசிக்குது. சோத்தைப் போடன்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிறந்தநாள், எத்தனையோ சாமத்தியவீட்டுக் கொண்டாட்டம். நாலு பேர் கூடினால் இவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். "என்ரை மனுசி செய்த வேலை தெரியுமோ? பெற்றோலை வடிச்சு ஃபேர்னஸுக்குப் பக்கத்திலை ஒளிச்சவள்! பெற்றோல் தாங்கி கறள் பிடிச்சுப் போச்சு, ஆனால் ஆர் கேட்டும் விக்கேல்லை." எல்லாரும் சிரிப்பார்கள். அந்த அண்ணையும் அதே மேசையில் இருப்பார். தலையை நிமிர்த்தாமல் தன் தட்டில் உள்ள சோற்றைக் குழைத்துக்கொண்டு இருப்பார். அந்த வானைப் பற்றி அவர் ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பேன். சோடாப் போத்தல் நாலா ஐந்தா என்று இவர் என்னைக் கேட்பார், அந்த இங்கிலீஸை ஒருக்கால் சொல்லிக்காட்டு என்று கேட்பார். பற்றறி ஏன் வெடித்தது என்று மட்டும் இன்றுவரை கேட்டதில்லை.